மாதிரிக் கப்பல் எதற்குச் சான்று? பாய்மரக் கப்பல்களின் மர மாதிரிகளும் சோழமண்டலக் கடற்கரைக் கலங்களும்

திறவுச்சொற்கள்: கப்பல் மாதிரி, கடற்படை வாரியம், எத்மோன் பாரி, தோணி, சலங்கு, வத்தை

முன்னுரை

பாய்மரக் கப்பல்களின் வரலாற்றை எழுதுவோருக்கு நேரடிச் சான்றுகள் அரிதாகவே கிடைக்கின்றன. மரக்கலம் கடலில் மூழ்கும் அல்லது கரையில் உளுத்துப்போகும். எஞ்சிய பலகை விறகாகும். இந்நிலையில், அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைக்குள் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கும் மர மாதிரி ஆய்வாளரை உடனே ஈர்க்கிறது. ஏரா எனப்படும் அடிமரமும், வங்கு எனப்படும் விலாக்கட்டையும், பலகையும், பாயும், கயிறும் உரிய அளவில் சுருங்கி நிற்கும்போது, கப்பலையே கண்டுவிட்டதாகக் கொள்வது எளிது. தமிழகக் கடற்கரைக் கலங்களைப் பொறுத்தவரை இவ்வாறு கொள்வதில் இடர் கூடுதலாக உள்ளது. இங்கு மிதந்த கலங்கள் மறைந்துவிட்டன, அவற்றின் மாதிரிகளுள் குறிப்பிடத்தக்க தொகுதி ஒன்று பாரிஸ் நகரில் இருக்கிறது. மாதிரியின் சான்று வன்மையை அதன் வேலைப்பாட்டு நுணுக்கத்தைக் கொண்டு அளவிட இயலாது. செய்தவர் எதைப் பார்த்துச் செய்தார், எவர் பார்வைக்காகச் செய்தார் என்னும் இரு வினாக்களைக் கொண்டே அளவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

கடற்படை வாரிய மாதிரிகள்

இவ்வினாக்களின் பயனை விளக்க, நன்கு ஆராயப்பட்ட ஆங்கில மாதிரிகளிலிருந்து தொடங்குவது தகும். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இங்கிலாந்தில் செய்யப்பட்ட 'கடற்படை வாரிய மாதிரிகள்' பெரும்பாலும் 1:48 அளவில், அதாவது ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் அமைந்தவை. கப்பலை ஓக் மரத்தில் கட்டியவர்கள் மாதிரிக்குப் பேரி மரத்தையும் பாக்ஸ் மரத்தையும் தேர்ந்தனர். காரணம் எளியது. பலகையின் தடிமனைச் சுருக்கலாம், மரத்தின் இழையைச் சுருக்க முடியாது. நான்கு அங்குலப் பலகை இவ்வளவில் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டராகிறது. அதில் ஓக்கின் தடித்த இழை கண்ணை உறுத்தும், உளியின் முனைக்கும் பெயர்ந்துவிடும்.

இம்மாதிரிகளின் கீழ்ப்பகுதி பலகை போர்த்தப்படாமல், வங்குகள் வெளியே தெரியுமாறு விடப்பட்டிருக்கும். இதைக் காண்பவர், அக்காலக் கப்பலின் உள்ளெலும்பு இவ்வாறே இருந்தது என முடிவு செய்யக்கூடும். அம்முடிவு பிழையானது. மாதிரியில் அடிக்கட்டைகளும் பக்கக்கட்டைகளும் ஒன்றையொன்று தழுவும் இடம் சீரான ஒரு பட்டையாகக் கப்பலின் நெடுகிலும் ஓடுகிறது. உண்மைக் கப்பல்களின் வங்கு அமைப்பு அப்படிப்பட்டதன்று. மேலோட்டின் வடிவத்தையும் சிற்ப அலங்காரத்தையும் மிகுந்த அக்கறையுடன் காட்டிய அதே கை, வங்குகளை ஒரு மரபுக்கு உட்பட்டே அமைத்தது. ஆகவே ஒரே மாதிரி, ஒரு செய்தியில் நம்பத்தக்க சான்றாகவும் மற்றொன்றில் சான்றாகாததாகவும் நிற்கிறது.

எவர் பார்வைக்காக என்னும் வினாவுக்குக் கிரீனிச் அருங்காட்சியகத்திலுள்ள பெலோனா மாதிரி நல்ல எடுத்துக்காட்டு. 1760இல் கடலில் இறக்கப்பட்ட, 74 பீரங்கிகளைக் கொண்ட அக்கப்பலின் மாதிரியில், அடிப்பகுதி செப்புத் தகடுகளால் போர்த்தப்பட்டுள்ளது. மரத்தைத் துளைக்கும் கடற்புழுவிலிருந்து கப்பற்படை முழுவதையும் காக்கச் செப்புத் தகடு அடிக்கலாம் என்னும் திட்டத்தை மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு விளக்க, வாரியத்தின் தலைமை அதிகாரி சார்லஸ் மிடில்டன் இதைப் பயன்படுத்தினார் என்பர். அவ்வாறெனில் இது பெரும் பொருட்செலவுக்கு ஒப்புதல் வேண்டி அரசவைக்குச் சென்ற ஒரு மனு. சாமுவேல் பெப்பிஸ் 1662இல் ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு கப்பல் உறுப்புகளின் பெயர்களைக் கற்றதைத் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். அங்கே மாதிரி, கடலறியா அதிகாரி ஒருவருக்குப் பாடநூல். தச்சன் மற்றொரு தச்சனுக்காகச் செய்ததாக இவ்விரண்டில் எதையும் கூற முடியாது.

எத்மோன் பாரியின் ஏடும் பாரிஸ் மாதிரிகளும்

பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பிரான்சுவா எத்மோன் பாரி (1806–1893) மும்முறை நெடுங்கடற் பயணம் செய்தவர். சென்ற துறைமுகங்களில் எல்லாம் உள்ளூர்க் கலங்களை அளந்து வரைந்தார். அவ்வரைபடங்கள் 1840களின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள மக்களின் கப்பற்கட்டுமானம் பற்றிய பெருநூலாக வெளிவந்தன. சோழமண்டலக் கரையின் கட்டுமரம், சலங்கு, தோணி ஆகியன அதில் இடம்பெற்றுள்ளன. புதுச்சேரிப் பிரெஞ்சியர் 'ஷெலாங்கு' என எழுதியது தமிழின் சலங்கே. 1871இல் லூவர் அரண்மனையில் இயங்கிய கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராகி, இறக்கும்வரை அப்பணியில் இருந்த பாரி, தம் வரைபடங்களைக் கொண்டு அருங்காட்சியகப் பட்டறையில் மாதிரிகளைச் செய்வித்தார்.

இங்குக் கால இடைவெளி கவனிக்கத்தக்கது. கலத்தைக் கடற்கரையில் கண்டதற்கும் மாதிரி உருவானதற்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. பட்டறைக் கைவினைஞரின் முன் இருந்தது தாள். சென்னை அலைவாயில் ஆடிய படகு அன்று. எனவே பாரியின் மாதிரியையும் வரைபடத்தையும் இரு தனிச் சான்றுகளாக எண்ணி, ஒன்று மற்றொன்றை உறுதிசெய்கிறது என வாதிடுவது, ஓலைச்சுவடி ஒன்றையும் அதைப் பார்த்து எழுதிய படியையும் இரு சுவடிகளாக எண்ணுவதற்கு ஒப்பாகும். சுவடிப் பதிப்பில் எவரும் செய்யத் துணியாத இப்பிழை, பொருட்சான்றுகளில் எளிதாக நுழைந்துவிடுகிறது.

தனிச் சான்று வேண்டுமெனில் ஜான் எடையைக் காணலாம். திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் பணியாற்றிய இக்கப்பல் தச்சர், 1834இல் அரச ஆசியக் கழகத்தின் இதழில் சோழமண்டலம், மலபார், இலங்கைக் கலங்களை விவரித்துள்ளார். தோணி ஏறத்தாழ 70 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்ட, தட்டையான அடியுடைய, பேழை போன்ற கலம் என்பது அவர் தரும் செய்தி. அவரது நடையில் உள்ளூர்க் கட்டுமானம் குறித்த ஏளனம் வெளிப்படையாக உள்ளது. எனினும் அளவுகோல் பிடித்த கை தொழிலறிந்த கை. பாரியின் தோணியை மதிப்பிட இவ்வளவுகளே உரைகல்.

மாதிரியில் சுருங்க மறுப்பது

சலங்கின் நிலை இன்னும் சிக்கலானது. வங்குகள் இன்றிப் பலகைகளைத் தென்னைநார்க் கயிற்றால் தைத்துக் கட்டப்பட்ட படகு அது. துறைமுகம் அமையாத சென்னைக் கரையில், கப்பலுக்கும் மணலுக்கும் இடையே மக்களையும் சரக்கையும் அலைகளின் ஊடாகக் கொண்டுசென்றது இவ்வகைப் படகே. ஆணி அடித்த விறைப்பான படகு பிளந்துபோகும் இடத்தில், தைத்த படகு அலையடிக்கு நெகிழ்ந்து கொடுத்தது. இந்நெகிழ்வே அதன் தொழில்நுட்பம். 1:20 அளவில் இரண்டரைச் சென்டிமீட்டர் பலகை ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதில் துளையிட்டுத் தைத்தால் பிளந்துவிடும் என்று பசையை நாடினால், தையல் வெறும் கோலமாகிறது. வடிவம் முழுவதும் சரியாக இருந்தும், அக்கலம் இயங்கிய முறை மாதிரியிலிருந்து வெளியேறிவிடுகிறது.

இதற்கு மாறான ஒரு மாதிரி இலங்கையின் தென்மேற்குக் கரையில் உள்ளது. தொடந்துவ ஊரின் குமாரகந்த விகாரையில் பேணப்படும் யாத்திரா தோணி மாதிரி, 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மறைந்துபோன, பக்க மிதவையுடன் கூடிய தைத்த சரக்குக் கலத்தைக் காட்டுகிறது. அக்கலங்கள் புழங்கிய ஊரிலேயே மாதிரியும் இருக்கிறது. 1990களில் டாம் வோஸ்மர் அதை அளந்து, கணினிவழி மேலோட்டின் வடிவத்தை ஆராய்ந்தார். கோயிலில் வைக்கப்பட்ட பொருளில் அளவுவிகிதம் கறாராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. நீள அகலங்களை ஐயத்துடனேயே ஏற்க வேண்டும். ஆயினும் உறுப்புகள் எவ்வாறு பொருந்தின என்பதில், பாரிஸ் பட்டறை மாதிரியைவிட இதற்கே முதன்மை தரத்தக்கது.

மாதிரி இல்லாத மரபு

தமிழ்நாட்டு வத்தைகளைக் கள ஆய்வு செய்த ஷான் மெக்கிரெய்ல், லூசி புளூ, எரிக் கென்ட்லி ஆகியோர், இங்குள்ள தச்சர்கள் வங்குகளின் வடிவத்தைக் கலம் கட்டும் முன்பே பலகையில் முழு அளவில் குறித்துக்கொள்வதைப் பதிவு செய்துள்ளனர். சுருக்கிய மாதிரியோ தாள் வரைபடமோ அங்கே தேவைப்படவில்லை. கலத்தின் வடிவம் அந்தப் பலகையின் கோடுகளிலும், அக்கோடுகளை நகர்த்தும் முறையை அறிந்த ஓடாவியின் நினைவிலும் இருந்தது. அருங்காட்சியகத்தின் பார்வைக்கு அது கரி படிந்த ஒரு பழம்பலகை.

பாரியின் மாதிரிகளைத் தமிழகக் கப்பல் வரலாற்றுக்குப் பயன்படுத்த முனைவோர், முதலில் ஒவ்வொரு மாதிரியையும் அதற்குரிய வரைபடத்துடன் உறுப்பு உறுப்பாக ஒப்பிட வேண்டியுள்ளது. வரைபடத்தில் இல்லாத ஒரு முடிச்சு, ஒரு குறுக்குக்கட்டை, ஒரு கப்பி மாதிரியில் தென்படுமாயின், அது பட்டறைக் கைவினைஞரின் ஊகமா, பாரி நேரில் நின்று சொல்லித் திருத்தியதா என்னும் வினா அங்கே எழும்.