மணிக்கட்டு முறிவும் ஊடுகதிர்ப் படமும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் தை பிறப்பதற்கு முன்பே, பெரும்பாலும் தச்சங்குறிச்சியில், ஆண்டின் முதல் வாடிவாசல் திறந்துவிடும். 2019 சனவரி 20 அன்று விராலிமலையில் ஒரே நாளில் 1,300க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டு உலக சாதனையானது. திமிலைப் பற்றியவர் பிடி நழுவி விழும்போது உடலைக் காக்க முதலில் நீள்வது கை. விரித்த உள்ளங்கை தரையில் ஊன்ற, உடலின் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது. கொம்பு குத்திய காயத்தைப் பார்த்தவுடன் மருத்துவமனைக்கு ஓடுவார்கள். வீங்கிய மணிக்கட்டை எண்ணெய் தேய்த்து உருவி, துணி சுற்றி, ‘சுளுக்கு’ என்று விட்டுவிடுவது எளிது. வரப்பில் வழுக்கியவருக்கும் இருசக்கர வண்டியிலிருந்து விழுந்தவருக்கும் நேர்வது இதுவே. மணிக்கட்டு மருத்துவத்தின் வரலாற்றில் பெரும்பகுதி, இந்தச் சுளுக்கு என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்த முறிவுகளைக் கண்டுபிடித்த கதைதான்.

அமைப்பு

முன்கையின் ஆரை எலும்பும் அரந்தி எலும்பும் முடியும் இடத்தில், எட்டுச் சிறு எலும்புகள் இரண்டு வரிசையாக அமைந்து மணிக்கட்டை உருவாக்குகின்றன. படகெலும்பு, பிறையெலும்பு, பட்டாணியெலும்பு, கொக்கியெலும்பு என்று பலவற்றுக்கும் வடிவமே பெயராயிற்று. இவற்றை ஒன்றோடொன்று பிணைப்பவை தசைநார்கள். உள்ளங்கைப் பக்கத்தில் உள்ள ஒடுங்கிய குகை போன்ற வழியில் விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் செல்கின்றன. இத்தனை சிறிய இடத்தில் இத்தனை பாகங்கள் இருப்பதால்தான் கை எல்லாத் திசையிலும் வளைகிறது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய மான்பூண்டியா பிள்ளையின் ஊர் புதுக்கோட்டை. அந்தச் சிறிய வாத்தியத்தில் மணிக்கட்டின் நெகிழ்வு இல்லாமல் ஒரு சொல்லும் பிறக்காது.

தமிழில் மேலை உடற்கூற்றியலை எழுதும் முயற்சி 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அறுவை மருத்துவம் பற்றிய ‘இரண வைத்தியம்’, உடற்கூறு பற்றிய ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆகியவை அவர் முயற்சியில் வெளிவந்த நூல்கள்.

கையால் தொட்டறிந்த காலம்

மணிக்கட்டில் விழுந்து கை கோணிப்போனால் அதை மூட்டு விலகல் என்றே ஐரோப்பிய மருத்துவர்கள் நெடுங்காலம் கருதினர். பிரான்சின் குளோட் பூத்தோ அதை முறிவு என எழுதியது, அவர் இறந்த பின் 1783இல் அச்சாயிற்று, பரவலாகக் கவனிக்கப்படவில்லை. 1814இல் டப்ளினைச் சேர்ந்த ஆபிரகாம் காலிசு, முறிந்தது ஆரை எலும்பின் கீழ்முனை என்றும் மூட்டு விலகவில்லை என்றும் எழுதினார். அவர் கையில் ஊடுகதிர்ப் படம் இல்லை. நோயாளியின் கையைத் தொட்டும் இழுத்தும் பார்த்தே இம்முடிவுக்கு வந்தார். ‘காலிசு முறிவு’ என்ற பெயர் இன்றும் வழக்கில் உள்ளது.

தமிழகக் கிராமங்களிலும் தொட்டறிதலே வழி. எலும்பு முறிவு வைத்தியர்கள் மூங்கில் தப்பை வைத்து, முட்டை வெண்கருவும் உளுந்து மாவும் பூசிய துணியால் கட்டுவார்கள். ஆந்திர எல்லையிலுள்ள புத்தூரின் பெயர் தமிழ்நாடெங்கும் இவர்களின் பலகைகளில் காணப்படும். எலும்பு இடம் பெயராத முறிவுகள் பல இக்கட்டில் சேர்ந்துவிடும் என்பதால் மக்களுக்கு இதில் நம்பிக்கை உண்டு. அதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் வீங்கும் கையில் கட்டு இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, தசைகள் செத்து, விரல்கள் மடங்கிய நிலையில் நின்றுவிடும். செருமானிய மருத்துவர் ரிச்சர்டு வோல்க்மன் 1881இல் விளக்கிய கேடு இது. மாவுக்கட்டு இறுகினாலும் இதே கேடுதான். கட்டிய பின் விரல்கள் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ உடனே கட்டைத் தளர்த்த வேண்டும் என்பது இரண்டு மருத்துவத்துக்கும் பொது விதி.

படம் வந்த பிறகு

1895 நவம்பர் 8 அன்று வில்லெம் ரோண்ட்கன் ஊடுகதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த மாதம் அவர் எடுத்த புகழ்பெற்ற படம் அவர் மனைவியின் கை. அதன்பின் பதினைந்து ஆண்டுகளில் மணிக்கட்டு மருத்துவம் அடியோடு மாறியது. லியோன் நகரின் எத்தியன் தெசுத்தோ, தொழிலிடங்களில் நேரும் மணிக்கட்டு விபத்துகளைப் படங்களின் துணையோடு ஆராய்ந்தார். 1910இல் வியன்னாவின் இராபர்ட் கீன்பெக், பிறையெலும்பு மெல்ல நசிந்துபோகும் நோயை விவரித்தார். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தது இக்காலத்தில்தான் (1907–1912). ஆண்கள் படித்த மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கே எதிர்ப்பு எழுந்து, மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் ஆதரவால் அவர் அங்கே இடம் பெற்றிருந்தார். 1934இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பார்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது.

படமும் ஏமாற்றும் என்பதை மருத்துவர்களுக்குக் கற்பித்தது படகெலும்பு. மணிக்கட்டின் சிறு எலும்புகளில் மிகுதியாக முறிவது இதுவே, பெரும்பாலும் இளைஞர்களுக்கு. முறிவுக்கோடு மயிரிழை போல இருந்தால் முதல் நாள் படத்தில் அது தெரியாமலே போகலாம். இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையில் நுழைந்து பின்னோக்கிப் பாய்கிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டு இரத்தமின்றிச் செத்துவிடக்கூடும். சில வாரங்களில் வலி குறையும். ‘சுளுக்கு விட்டுவிட்டது’ என்று வேலைக்குப் போவார்கள். ஆண்டுகள் கழித்து மூட்டு தேய்ந்து, மண்வெட்டியோ கல் உடைக்கும் சுத்தியலோ பிடிக்க முடியாத வலியோடு திரும்பி வருவார்கள்.

ஆகவே தொட்டறிதல் மீண்டும் முக்கியமாயிற்று. கட்டைவிரலை விரித்து உயர்த்தினால் அதன் அடியில் ஒரு சிறு பள்ளம் விழும். மூக்குப்பொடி வைத்து உறிஞ்சிய இடம் என்பதால் மூக்குப்பொடிக் குழி எனப் பெயர். விழுந்தவருக்கு அங்கே அழுத்தினால் வலித்தால், படம் சரியாக இருந்தாலும் முறிவு எனக் கருதிக் கையை அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுப்பது பழைய வழக்கம். 1971இல் முதல் நோயாளிக்குப் பயன்பட்ட சி.டி. வருடி, எலும்பை அடுக்கடுக்காகக் காட்டியது. பின்னர் வந்த எம்.ஆர்.ஐ., முறிவை முதல் சில நாட்களிலேயே காட்டுவதோடு தசைநார்க் கிழிசலையும் எலும்பின் இரத்த ஓட்டக் குறைவையும் காட்டுகிறது. 1984இல் திமோத்தி எர்பர்ட் வெளியிட்ட தலையில்லாத் திருகாணி, இச்சிற்றெலும்பை உள்ளிருந்தே இறுக்கிப் பிணைக்க வழி செய்தது.

புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி 2017இல் தொடங்கப்பட்டது. ஊடுகதிர்ப் படம் இன்று சிற்றூர்களுக்கு அருகிலும் கிடைக்கிறது. ஆனால் எம்.ஆர்.ஐ. எடுக்க வழியில்லாத இடங்களில் பழைய வழக்கமே தொடர்கிறது. படத்தில் ஒன்றும் இல்லை என்று கேட்ட பிறகும் இரண்டு வாரம் கையைக் கட்டிப்போட்டு, அன்றாடக் கூலியை இழந்து காத்திருக்க வேண்டும். பலர் அந்த இரண்டாவது படத்துக்கு வருவதில்லை.