காஸாத்தீரும் கத்தீட்டரும்

கதிர்காமத்தில் 2010இல் தொடங்கப்பெற்ற இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியைக் கடந்து செல்லுந்தோறும் 'காஸாத்தீர்' என்னும் அரபுச் சொல் நம் நினைவுக்கு வருகிறது. கிரேக்கத்திலிருந்து அரபு பெற்றுக்கொண்ட சொல் அது. இன்று நாம் கத்தீட்டர் என்கிறோம். குர்துபாவை அடுத்த ஸஹ்ரா நகரின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, கி.பி. 1000ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்ற 'அத்தஸ்ரீஃப்' நூலின் முப்பதாம் பாகத்தில், இறகுத் தண்டு போன்ற மெல்லிய வெள்ளிக் குழாயால் அடைபட்ட சிறுநீரை வெளியேற்றும் முறையை விவரித்துள்ளார்.

முதுகுத் தண்டுவடத்தில் குறையோடு பிறந்து அறுவை செய்யப்பெற்ற குழந்தைகளுக்கு இக்கருவி வீடுவரை வந்து உதவியது வெகு அண்மையில்தான். கிருமி பற்றிய அச்சமே தடையாயிருந்தது. 1972இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடெஸும் அவர் குழுவினரும், கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும். நீர்ப்பையை வேளை தவறாது காலி செய்வதே முக்கியம் என்று எடுத்துக்காட்டினர்.

நீர்ப்பையை ஆளும் நரம்புகள் தண்டுவடத்தின் கீழ்முனையிலிருந்து புறப்படுவன. அவை பழுதுற்றால், பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டிருக்கும்போதே பையின் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகங்களை அரித்துவிடும், வலியும் இராது. அறுவைத் தழும்பில் ஒட்டிய வடம் வளரும் பருவத்தில் மீண்டும் இழுபடுவதுமுண்டு. படுக்கையை நனைக்காதிருந்த பிள்ளை மறுபடி நனைத்தால் அது சோம்பலன்று, நரம்பின் முறையீடு. அதை வெளியே சொல்ல வெட்கி, பிள்ளையை அடித்துத் திருத்த முயன்ற தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். கால் வலுவையும் பையின் அழுத்தத்தையும் சிறுநீரகங்களையும், பிள்ளை வளர்ந்த பின்னரும் காலந்தோறும் சோதித்து வருமாறு மருத்துவர்கள் வற்புறுத்துகின்றனர்.