காசு வாங்கிக்கிட்டு ட்ரோன் ஓட்டலாமா? தென்காசி, குற்றாலம் பைலட்டுகள் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்!

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்தாலும் சரி, குற்றாலத்தில் சாரல் தொடங்கினாலும் சரி, ட்ரோனோடு யாராவது வந்துவிடுகிறார்கள். கல்யாண ஷூட்டிங், வயலுக்கு மருந்து அடிப்பது என ட்ரோன் இப்போது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. ஆனால் ஆசைக்குப் பறக்கவிடுவதும், காசு வாங்கிப் பறக்கவிடுவதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல.

விமானத்தில் என்ன விதி?

பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்க 40 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும். ஆனால் அதை வைத்துக்கொண்டு கட்டணம் வாங்கி ஆளையோ, சரக்கையோ ஏற்ற முடியாது. அதற்கு கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் தேவை. அதற்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். நம்ம ஊர் கார்களில் வெள்ளை போர்டு, மஞ்சள் போர்டு வித்தியாசம் மாதிரிதான்.

ட்ரோனுக்கு எப்படி?

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் எடையை வைத்துப் பிரிக்கின்றன.

* நானோ (250 கிராம் வரை): பைலட் சான்றிதழ் தேவையில்லை.
* மைக்ரோ (250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை): வணிக நோக்கம் இல்லை என்றால் சான்றிதழ் வேண்டாம். காசுக்கு ஓட்டினால் கட்டாயம்.
* ஸ்மால் (2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை): சொந்த வேலையோ, கூலி வேலையோ, சான்றிதழ் கட்டாயம்.

சுமையும் சேர்த்துத்தான் எடை!

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். தூக்கும் சுமையையும் சேர்த்த அதிகபட்ச எடைதான் கணக்கு. 1.8 கிலோ ட்ரோன் அரை கிலோ சுமை தூக்கும் என்றால், அது 2.3 கிலோ. அதாவது ஸ்மால் வகை.

மருந்து அடிக்கும் ட்ரோனில் 10 லிட்டர் டேங்க் நிரம்பினாலே தண்ணீர் மட்டும் 10 கிலோ. எனவே சொந்த வயலுக்கு அடித்தாலும் சான்றிதழ் வேண்டும்.

பார்சல் அனுப்பலாமா?

கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு ட்ரோனில் பொருள் அனுப்புவது தனி அனுமதி சார்ந்த விஷயம். தெலங்கானாவின் விகாராபாத்தில் 2021 செப்டம்பரில் மருந்து, தடுப்பூசிகளை அனுப்பிய சோதனையும் அப்படி அனுமதி பெற்றே நடந்தது. ஆபத்தான பொருட்களை ஏற்ற தனி விதிகள் உண்டு.

சான்றிதழ் யாருக்குக் கிடைக்கும்?

வயது 18 முதல் 65 வரை. பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும். டிஜிசிஏ அங்கீகரித்த மையத்தில் பயிற்சி முடிக்க வேண்டும். சான்றிதழ் 10 ஆண்டுகள் செல்லும்.

குற்றாலத்தில் கூடுதல் கவனம்

பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். மஞ்சள், சிவப்பு மண்டலங்களில் அனுமதி கட்டாயம். கூட்டம், பாதுகாப்பு காரணங்களுக்காக ஓர் இடத்தைத் தற்காலிக சிவப்பு மண்டலமாக அறிவிக்கவும் முடியும். எனவே கிளம்பும் முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். அருவிக்கு மேலே இருப்பது காடு. அங்கே பறக்கவிடும் முன் வனத்துறையிடமும் கேட்டுவிடுங்கள்.

விழுந்தால் யார் பொறுப்பு?

நானோ தவிர மற்ற ட்ரோன்களுக்கு, வண்டிகளைப் போலவே மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும். மெயின் அருவியில் குளிக்கும் கூட்டத்தின் மேல் ட்ரோன் விழுந்து யாருக்காவது அடிபட்டால், காப்பீடு இல்லாதவர் தன் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டியிருக்கும். விதிமீறலுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஆர்டர் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: பைலட் சான்றிதழ், ட்ரோனின் பதிவு எண், காப்பீடு. மூன்றையும் காட்டுபவரிடம் வேலையைக் கொடுங்கள். ரேட் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.