தாழ்ந்து சென்ற வண்டிகள்

வண்டியின் சில்லுக்கும் அதன் உடலுக்கும் இடையே நின்று, வீதியின் மேடுபள்ளங்களைத் தான் ஏற்று, ஏறியிருப்போரைக் காப்பது வில். இவ்வில்லின் இயல்பை விதியாக வகுத்தவர் ஆங்கில நாட்டு அறிஞர் றொபேட் ஹூக் ஆவார். வில் நீளும் அல்லது சுருங்கும் அளவு அதன்மீது தாக்கும் விசைக்கு விகிதசமமானது என்னும் உண்மையை அவர் 1676 இல் எழுத்துக்களைக் கலைத்தடுக்கிய ஒரு புதிராக வெளியிட்டார்; 1678 இலே அதன் பொருளை விளக்கினார். ஒபேடையா எலியட் என்பவர் 1804 இல் குதிரை வண்டிகளுக்கு நீள்வளைய வடிவான தட்டுவிற்களை அமைத்தார். மோட்டார் வண்டி பிறந்தபோது அதுவும் பெரும்பாலும் தட்டுவிற்களின்மீதே ஓடியது. 1934 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் தன் வண்டிகள் சிலவற்றின் முன்சில்லுகள் தனித்தனியே அசையுமாறு சுருள்விற்களைப் பொருத்தியதோடு, சுருள்வில்லின் காலம் அமெரிக்காவில் வேரூன்றியது எனலாம்.

பொறியியலாளர் பயணச் சுகத்துக்காகக் கொணர்ந்த இவ்வில், இரண்டாம் உலகப் போரின் பின்னர் வேறொரு வரலாற்றுக்கும் காரணமாயிற்று. தென் கலிபோர்னியாவில் வாழ்ந்த மெக்சிக்க வழிவந்த தொழிலாளர் குடும்பத்து இளைஞர்கள், பழைய செவரலே வண்டிகளை மலிவாக வாங்கித் தம் வீட்டு முற்றங்களிலே திருத்தலாயினர். அக்காலத்து இளைஞர் பலர் தம் வண்டிகளை வேகத்துக்காக மாற்றியமைத்தனர். இவர்களோ வண்டியை நிலத்தோடு தாழ்த்தி, பளபளக்க வண்ணந்தீட்டி, மெல்ல ஊர்ந்து செல்வதையே அழகெனக் கொண்டனர். கிழக்கு லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் விற்றியர் பெருவீதி இவ்வூர்வலங்களுக்குப் பேர்பெற்றது.

வண்டியைத் தாழ்த்த அவர்கள் கையாண்ட வழிகள் எளியன. சிலர் பின்பெட்டியில் மணல் மூட்டைகளை ஏற்றினர்; சிலர் பின் அச்சுக்கும் தட்டுவில்லுக்கும் இடையே கட்டைகளைச் செருகினர்; சிலர் முன் சுருள்விற்களை வெட்டினர். சுருளை வெட்டினால் வில் குட்டையாவதோடு விறைப்பும் மிகும். பத்துச் சுருளுள்ள வில்லில் இரண்டை நீக்கினால் எஞ்சிய பகுதியின் விறைப்பு நான்கில் ஒரு பங்கு கூடும். தீச்சுவாலையால் சூடாக்கி வில்லை அமரச் செய்தோரும் உளர். அது உருக்கின் பதத்தைக் கெடுத்து, பின்னொருநாள் வில் முறிவதற்கு வழிவகுக்கும். இக்குறைகளை நீக்கவே, அளவோடு குட்டையாகவும் அதற்கேற்ற விறைப்போடும் செய்யப்பட்ட தாழ்வு விற்கள் பின்னாளில் விற்பனைக்கு வந்தன.

ஆயினும் வில்லை வீட்டிலே மாற்றும் வேலை விளையாட்டன்று. வில்லை இருமடங்கு அமுக்கினால் அதனுள் அடங்கும் சக்தி நான்கு மடங்காகும். ஆதலால் வண்டியை ஜாக்கியால் உயர்த்தியபின் உறுதியான தாங்கிகளில் நிறுத்தல் வேண்டும். அதிர்வடக்கியும் வில்லும் ஒன்றாயமைந்த வண்டியில், வில்லின் இருபுறமும் அமுக்கு கருவிகளை மாட்டி, மாறி மாறிச் சமமாக இறுக்கல் வேண்டும். வில் தன் இருக்கையிலிருந்து விடுபட்ட பின்னரே மேல் நட்டைக் கழற்றலாம். முந்திக் கழற்றினால் அடைபட்ட சக்தி முழுவதும் ஒரே கணத்தில் வெளிப்பாய்ந்து கையையோ முகத்தையோ சிதைத்துவிடும். வேலை முடிந்தபின் சில்லுகளின் கோணத்தையும் முன்விளக்குகளின் நோக்கையும் சரிபார்த்தலும் இன்றியமையாதது.

தாழ்ந்த வண்டிகள் பெருகவே சட்டம் குறுக்கிட்டது. சில்லின் வளையத்து அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எப்பகுதியும் இருத்தலாகாது என்னும் விதி 1958 இல் கலிபோர்னியாவில் நடைமுறைக்கு வந்தது. வீதியில் உராயும் வண்டியின் தடைக்குழாய்கள் அறுந்தால் உயிருக்கே ஆபத்து என்பது மெய்யே. ஆனால் அவ்விதி மெக்சிக்க வழிவந்த இளைஞரைப் பொலிசார் வழிமறிப்பதற்கு வாய்த்த கருவியாகவும் ஆயிற்று. இதற்கு மறுமொழியாக 1959 இல் றொன் அகிரே என்பவர், விமானங்களிற் பயன்பட்ட நீரியல் பம்பிகளைத் தம் கோவெற் வண்டியிற் பொருத்தினார். ஆளியைத் தட்டியதும் வண்டி உயர்ந்தது. பொலிசார் அகன்றதும் தாழ்ந்தது. தடைசெய்ய வந்த சட்டமே புதியதொரு கலைக்கு வித்திட்டது.

காலம் மாறியது. சிமாயோ என்னும் நியூ மெக்சிக்கோச் சிற்றூரிற் செய்யப்பட்ட 1969 ஆம் ஆண்டுப் போர்ட் வண்டியொன்றை, 1990 இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தன் அரும்பொருட் சேர்க்கையிற் சேர்த்தது. 1958 ஆம் ஆண்டு விதியை நீக்கும் சட்டம் 2023 இல் நிறைவேறி, 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அறுபத்தாறு ஆண்டுகள் குற்றமென எண்ணப்பட்ட ஒன்று, ஒரு சமூகத்தின் கைவண்ணமென ஏற்கப்பட்டது. சட்டம் இளகியது, ஹூக் கண்ட விதி மட்டும் இளகவில்லை. வீட்டு முற்றத்திலே வில்லைக் கழற்ற முனையும் எவரும் இன்றும் அவ்விதிக்கு அஞ்சியே கைவைத்தல் வேண்டும்.