மு.வ. நடையும் காஃப்கா ஆபீசும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில், எங்கள் வாத்தியார் 'ஷுவா கொர்னேலியேன்' என்று அடிக்கடி சொல்வார். கொர்னேய் எழுதி 1637இல் மேடையேறிய 'லெ சித்' நாடகத்தில், தகப்பனார் மானமா, காதலியா என்று கதாநாயகன் தவிப்பான். எதை விட்டாலும் நஷ்டம் என்கிற அந்தத் தவிப்புக்கு, எழுதியவர் பெயரையே அடைமொழியாக்கி விட்டார்கள். ஆங்கிலத்திலும் டிக்கென்சியன், ஆர்வெல்லியன் என்று நிறைய உண்டு.

நமக்கு இப்படி வால் ஒட்டுகிற வழக்கமில்லை. இரண்டு பெயரைப் பக்கத்தில் வைத்தால் போதும். "இதென்ன கம்பசூத்திரமா?" என்று கேட்காத பெரியவர் உண்டா? (அது கழைக்கூத்தாடியின் கம்பம் என்பாரும் உண்டு. எனக்குக் கம்பர்தான் பிடித்திருக்கிறது.) அப்படி வந்ததுதான் 'மு.வ. நடை'. சின்ன வாக்கியம், தெளிந்த தமிழ். அவருடைய திருக்குறள் தெளிவுரை இல்லாத வீடு அப்போது குறைவு.

மு.வரதராசனார் இளம் வயதில் நம் திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்தவர். 1935இல் வித்துவான் தேர்வில் முதலாவதாகத் தேறி, இங்கேயே நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியரானார். 1939இல் பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார். 'அகல் விளக்கு' நாவலுக்கு 1961இல் சாகித்திய அகாடமி பரிசு. கடைசியில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்.

காஃப்காவும் ஆபீஸ்காரர்தான். பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் 1908 முதல் 1922 வரை இருந்தார். அவர் பெயரில் வந்த சொல்லுக்கு, காரணம் தெரியாமல் மனிதனை அலையவிடும் ஆபீஸ் என்று பொருள். ஒரு குமாஸ்தா பெயர் தெளிவுக்கு, இன்னொருவர் பெயர் குழப்பத்துக்கு!

நான் எந்தப் பக்கம் என்று ஒருநாள் தெரிந்தது. வாணியம்பாடியில் தோல் ஷாப்பில் வேலை செய்து இறந்தவரின் மனைவி, உதவித்தொகைக்காக நாலாவது முறை வந்திருந்தார். கையில் நான் தயாரித்த கடிதம். 'மேற்படி பொருள் தொடர்பாக, பார்வையில் காணும் மனுவின் மீது' என்று ஒரே வாக்கியம் முக்கால் பக்கம்.

"ஐயா, இதுல பணம் வரும்னு போட்டிருக்கா, வராதுன்னு போட்டிருக்கா?"

எனக்கே இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன்: 'ரேஷன் கார்டில் கணவர் இனிஷியல் தவறு. வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கி வாருங்கள்.' மறுநாளே வாங்கி வந்துவிட்டார்.