பாலி புலேந்திரன்

பாலி புலேந்திரன் ஒரு நோயெதிர்ப்பியல் அறிஞர். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். தடுப்பூசிக்கு உடல் காட்டும் எதிர்வினையை மரபணுக்களின் செயற்பாட்டைக் கொண்டு முழுமையாக ஆராயும் முறையை வளர்த்தெடுத்த முன்னோடிகளுள் ஒருவர்.

கல்வியும் பணியும்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்ற இவர், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் குஸ்டாவ் நோசலின் வழிகாட்டலில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டார். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியபின் 2017 இல் ஸ்டான்போர்டில் சேர்ந்தார்.

நோயெதிர்ப்பு ஒழுங்கமைப்பு

கிருமியின் கூறுகளை டி உயிரணுக்களுக்குக் காட்டி எதிர்ப்பைத் தொடங்கி வைப்பவை டென்ட்ரிட்டிக் உயிரணுக்கள். இவற்றின் வெவ்வேறு வகைகள் வெவ்வேறு விதமான எதிர்ப்பைத் தூண்டுவதை இவரும் உடனாய்வாளர்களும் 1999 இல் எலிகளில் காட்டினர். தேவையற்ற எதிர்ப்பை அடக்குவதிலும் இவ்வுயிரணுக்களுக்குப் பங்குண்டு. இவற்றில் பீட்டா-கேட்டினின் என்னும் புரதம் நீக்கப்பட்ட எலிகளில் குடல் அழற்சி கடுமையாவதை 2010 இல் இவரது குழு கண்டறிந்தது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி ஆய்வு

மாக்ஸ் தெய்லர் 1930களில் உருவாக்கிய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, ஒரே ஊசியில் பல பத்தாண்டுகள் பாதுகாப்புத் தருவது. அது ஏன் அவ்வளவு சிறப்பாகச் செயற்படுகிறது என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. கிருமிகளை அடையாளம் காணும் ஏற்பிகள் பலவற்றை அது ஒருங்கே தூண்டுவதை 2006 இல் புலேந்திரன் குழு காட்டியது.

அடுத்து, தடுப்பூசி பெற்ற தன்னார்வலர்களின் குருதியை அக்குழு ஆராய்ந்தது. முதற்சில நாள்களில் சில மரபணுக்களின் செயற்பாடு மாறும் விதத்தைக் கொண்டு, பின்னர் தோன்றும் டி உயிரணு எதிர்ப்பின் வலிமையை 90 விழுக்காடு வரை சரியாகக் கணிக்க முடிந்தது. இம்முடிவு 2009 இல் வெளியானது. ஒரு தடுப்பூசி பயன் தருமா என்பதை அறிய, வழக்கமாகப் பெருந்தொகையினரை நெடுநாள் கண்காணிக்க வேண்டும்; இக்காலத்தைச் சுருக்க இயலும் என்பதே இவ்வாய்வின் சிறப்பு.

பிற தடுப்பூசிகள்

குடல் நுண்ணுயிரிகளுக்கும் தடுப்பூசியின் பயனுக்கும் தொடர்புண்டு என்பதை இவரது குழு முதலில் எலிகளில் கண்டது. 2019 இல் வெளியான ஆய்வில், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உட்கொண்டபின் இன்ஃபுளுவென்சா தடுப்பூசி பெற்றவர்களுள், முன்னரே எதிர்ப்பாற்றல் குறைவாக இருந்தோரிடம் ஒரு வைரசு வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் குறைந்தது. ஃபைசர்–பயோஎன்டெக் கோவிட்-19 தடுப்பூசி பெற்ற 56 பேரை ஆராய்ந்து, இரண்டாம் ஊசிக்குப்பின் இயல்பெதிர்ப்பு முதல் ஊசியைவிட மிக வலுவாக எழுவதை 2021 இல் இக்குழு அறிவித்தது.

வரம்புகள்

ஒரு தடுப்பூசிக்குப் பொருந்தும் மரபணு அடையாளம் வேறொன்றுக்குப் பொருந்துமெனக் கொள்ள இயலாது. ஐந்து தடுப்பூசிகளை ஒப்பிட்டு 2014 இல் வெளியான இக்குழுவின் ஆய்வு, தடுப்பூசியின் வகைக்கேற்ப அடையாளங்கள் வேறுபடுவதைக் காட்டியது.