தும்பறைப் பாயும் தலைத்துணியும்

குளிர்நாட்டு மக்கள் கம்பளித் துணியைச் சுவரிலே தொங்கவிட்டு இல்லத்தை அணிசெய்தனர். பல்லேகல அமைந்துள்ள தும்பறைப் பகுதியிலோ அப்பணிக்கு உதவியது கம்பளியன்று, இலைநாரேயாகும்.

சிங்களத்தில் நியந்த என வழங்கும் மருள், ஹண ஆகிய செடிகளின் இலைகளிலிருந்து நாரெடுத்து, முறுக்கி, எளிய தறியிலே பாயாக நெய்வது இங்குள்ள மரபு. பதங்கி மரத்தாற் சிவப்பும், மரமஞ்சளால் மஞ்சளும் நாருக்கு ஊட்டப்பட்டன. சாயமிடாத நாரின் வெண்மைமீது விலங்கு, பறவை, பாம்பு முதலிய உருவங்கள் விளங்கின.

இப்பாயை நெய்தோர் கின்னரர் எனும் தாழ்த்தப்பட்ட சாதியினர். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் தடுத்துவைக்கப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில் இவர்களைக் குறிப்பிடுகின்றார். நேர்த்தியான பாய் நெய்யும் இவ்வாடவர் தலையில் எதனையும் அணிதலாகாது என்பது அவர் கண்ட வழக்கம். பிறர் இல்லத்தை அணிசெய்த கைகளுக்குத் தம் தலைக்கென ஒரு துணி மறுக்கப்பட்டமை இதனாற் புலனாகின்றது.

இடைக்காலச் சிங்களக் கலை பற்றி 1908இல் வெளியான நூலில் ஆனந்த குமாரசுவாமி இக்கைத்திறனையும் பதிவுசெய்தார். 2021இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை மானிடத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. பாய் இன்று சுவரணியாகவும் பையாகவும் விற்பனையாகின்றது. நெய்யுங் குடும்பங்களோ மிகச் சிலவே. சுவரிலே தொங்கும் பாயின் அழகை மட்டும் போற்றுவது வரலாறாகாது. அதனை நெய்தவரின் வெறுந்தலையும் அவ்வரலாற்றில் இடம்பெறல் வேண்டும்.